முதல் ஒன்பது விநாடிகள்

*நோட்டுப் புத்தகம், 3 செப்டம்பர் 2024*

விமான நிலையத்தில் இன்று அக்காவிடம் நான் சொல்லாதது இது: ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி காலை ஊரெல்லாம் ஓடிய அந்தக் குரல் செய்தியை வெட்டியது நான்தான்.

அக்கா சுகிர்தம் இறால் கம்பெனியில் ஓடு உரிக்கும் பிரிவில் இருக்கிறாள். குளிரூட்டும் இயந்திரங்களில் ஓடும் அமோனியாவின் வாசனை அவளுக்கு அடுத்த வீட்டு மீன் குழம்பு மாதிரி, எட்டத்திலேயே தெரியும். அன்று காலை ஐந்தே முக்காலுக்குத் தண்டையார்பேட்டையில் எங்கள் சந்துக்குப் பின்னால் இருக்கும் குளிர்பதனக் கிடங்கிலிருந்து அந்த வாசனை வந்திருக்கிறது. கம்பெனி வேனில் அவளோடு வரும் பதினான்கு பெண்களின் குழுவுக்கு முப்பத்தோரு விநாடி பேசி அனுப்பினாள். மாதவரத்தில் தோழி வீட்டில் தங்கியிருந்த எனக்கும் அதையே அனுப்பினாள்.

முதல் ஒன்பது விநாடிகள்: "நான் சுகிர்தம் பேசறேன்டி. நம்ம சந்து பின்னாடி ஐஸ் கம்பெனில இருந்து வாசனை வருது. நம்ம சந்துக்கு மட்டுந்தான்."

மீதி இருபத்திரண்டு: "மூக்கு எரியுது, கண்ணு எரியுது. கேஸுதான் இது. நின்னு வேடிக்கை பாக்காதீங்க. ஈரத்துணிய மூஞ்சில கட்டிகினு, புள்ளைங்கள தூக்கினு கெளம்புங்க. சாமான் சட்டுலாம் அப்பறம் பாத்துக்கலாம்."

இருநூற்று நாற்பது பேர் இருக்கும் வட்டாரக் குழு ஒன்றில் நான் இருந்தேன். சந்துக்காரர்கள் சிலரும் அதில் உண்டு. அவர்களுக்கும் தெரிந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். ஆனால் அக்காவின் பெயரும் எங்கள் சந்தும் முன்பின் தெரியாதவர்கள் கைக்குப் போக வேண்டாம் என்று முதல் ஒன்பது விநாடியை வெட்டிவிட்டு அனுப்பினேன். என் சொந்தப் புகைப்படத்தைக்கூட எங்கும் போடாதவள் நான். கசிவு எந்த இடத்தில் என்பதும் அதோடு வெட்டுப்பட்டுவிட்டது என்று அப்போது தோன்றவில்லை.

திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இருப்பவர்களுக்குக் கேஸ் என்றால் ஐஸ் கம்பெனி நினைவுக்கு வராது. வீட்டை ஒட்டி நிற்கும் பெரிய ஆலைகள்தான் வரும். ஏழு மணிக்குச் சாலை முழுக்க ஜனம். ஜெயவேல் என்கிற லோடு ஆட்டோக்காரர், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு திருவொற்றியூரில் நெடுஞ்சாலைக்குத் திரும்பியபோது கன்டெய்னர் லாரி அடித்தது. அவர் இறந்துவிட்டார். மனைவி ராமசெல்விக்கு வலது கால் நசுங்கியது. பிள்ளைகளுக்குக் கீறல். கிடங்கில் கசிந்தது ஒரு சின்னக் குழாய், பத்தே நிமிடத்தில் அடைத்துவிட்டார்கள் என்று பத்து மணிக்குச் செய்தி வந்தது. வதந்தி பரப்பியவரைப் பிடிப்போம் என்றது போலீஸ். வெளிநாட்டில் படிக்க எனக்கு விசா வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினேன்.

அதே வாரம் அக்காவின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். இனி போனே வேண்டாம், கடுதாசி போடு என்றாள்.

இன்று வாசலில், "ஸ்வெட்டர மேலயே வச்சிக்கோ, எறங்கினதும் குளிரும்," என்றாள். "சரி," என்றேன்.

---

22 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உன் தும்மல் நின்றதா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதுவும் துறைமுக ஊர்தான், ஆனால் சத்தமே இல்லை. கிரேன்கள் ஊமையாக ஆடுகின்றன. என் அறை ஜன்னலிலிருந்து கன்டெய்னர்களின் நிறங்கள் தெரியும். அவை நம் ஊரிலும் இதே சிவப்பும் நீலமும்தான்.

கம்ப்யூட்டர் படிப்பா என்று கேட்டாய். அவசரத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். முழுக்க அப்படி இல்லை. இதன் பெயர் இணைய அறிவியல். சாலை போடுவது பொறியாளர் வேலை. போட்ட பிறகு யார் அதில் எங்கே போகிறார்கள், ஏன் எல்லோரும் ஒரே முக்கில் வந்து முட்டுகிறார்கள், ஒரு தெரு ஏன் வெறிச்சோடுகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. வகுப்பில் ஒருவர் சட்டம் படித்தவர், ஒருவர் கணக்கு, இன்னொருவர் நர்ஸாக இருந்தவர். எல்லோரும் சேர்ந்துதான் படிக்க வேண்டுமாம்.

முதல் நாள் பேராசிரியர் சொன்னார்: இணையத்தை யாரும் உட்கார்ந்து கட்டி முடிக்கவில்லை. ஒவ்வொருவரும் சின்னதாக ஒன்றைச் சேர்க்கிறார்கள். எல்லாம் சேர்ந்து யாருமே நினைக்காத ஒன்றாகிவிடுகிறது. யாரும் நினைக்காத அந்த ஒன்றுதான் பாடம்.

எழுதிக்கொண்டேன். வேறு விசேஷம் இல்லை. கையுறை இல்லாமல் ஐஸில் கை வைக்காதே.

ஜானட்

---

14 அக்டோபர் 2024

தங்கச்சி ஜானட்டுக்கு,

தும்மல் நின்று இருமல் வந்திருக்கிறது. ஐஸில் நிற்கிறவளுக்கு இதெல்லாம் கணக்கே இல்லை. நீ சோறு சாப்பிடுகிறாயா, ரொட்டிதானா?

உன் கடுதாசியைக் கொண்டுவந்தவர் தபால்காரர் குணசேகரன். வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி, "யக்கா, பாரின் லெட்டரு! இந்த ரோட்டுல பேங்க் நோட்டீசு தவிர நான் எதியும் குடுத்ததே இல்ல. இன்னா, லவ்வா?" என்றார். "ஆமாய்யா, மாப்ள வெள்ளக்காரன், உன்ன மாதிரி தொந்தி இல்லாதவன்," என்றேன். வேனில் வருகிற பெண்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்.

நீ மேலே சிலுவை போடவில்லையே. அம்மா சொல்லிக் கொடுத்தது மறந்துபோயிற்றா? கடுதாசி தொடங்குமுன் சிலுவை போட வேண்டும். பொய் எழுதப்போகிறாயானால் மட்டும் போடாதே என்பாள்.

போன் வாங்கு வாங்கு என்று மறுபடி ஆரம்பிக்காதே. காசிமேட்டில் படகுப் பக்கம் நின்றபோது கை தவறிவிட்டது, அவ்வளவுதான். அது இல்லாமல் தலைவலி இல்லை.

புதிதாக ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறேன். திருவொற்றியூரில் ராமசெல்வி என்று ஒரு பெண் நன்றாகத் தைக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா சுகிர்தம்

---

2 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

இருமலுக்குக் கஷாயம் போட்டுக் குடித்தாயா? நான் சோறுதான் சாப்பிடுகிறேன், ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன்.

இன்று கல்லறைத் திருநாள். நீ இந்நேரம் அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, காற்றில் அணைகிற மெழுகுவர்த்தியைத் திட்டிக்கொண்டிருப்பாய். இங்கே இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். யாருமே இல்லை. பெயர் தேய்ந்துபோன ஒரு கல்முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சிலுவை பற்றி எழுதியிருந்தாய். உன் கடிதத்திலும் இல்லை. இரண்டு பேருக்கும் மறதி என்று வைத்துக்கொள்வோம்.

நம் சந்து முனையிலேயே தையற்காரர் இருக்க, ஜாக்கெட்டுக்காகத் திருவொற்றியூர் வரை ஏன் போகிறாய்? சும்மாதான் கேட்டேன்.

ஜானட்

---

30 நவம்பர் 2024

ஜானட்டுக்கு,

கஷாயம் குடித்தேன். உன் ரசம் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே எனக்கு இருமல் நின்றுவிடுகிறது.

கல்லறையில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்று யாருக்கு என்று கேட்காதே.

மழை இன்னும் விடவில்லை. கம்பெனி வாசலில் முழங்கால் தண்ணீர்.

சந்து முனைத் தையற்காரன் கை இறுக்கமாகத் தைக்கிறான். ராமசெல்விக்கு நல்ல கை. ஒரு காலில் கம்பி வைத்திருக்கிறார்கள், அதனால் மிஷினில் இடது காலால்தான் மிதிக்கிறாள். நேற்று நான்காவது ஜாக்கெட்டைக் கொடுத்தபோது, "இன்னாக்கா, ரெண்டு மாசத்துல நாலு ஜாக்கெட்டு. எறால் கம்பெனில கோட்டு போட்டுகினு நிக்கற, உள்ள யாரு பாக்கப்போறா? கல்யாணமா உனுக்கு?" என்றாள். "முப்பத்தாறு வயசுல எவன்டி வருவான்," என்றேன். "வந்தா என் புள்ளைங்களுக்குப் பாயாசம் குடுத்துடு," என்றாள்.

அவளுக்குப் புருஷன் இல்லை. சின்னவனுக்கு நான்கு வயது. நான் போனால் மடியில் வந்து ஏறிக்கொள்வான். அவன் ஏறும்போதெல்லாம் எனக்கு வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடலாம் போல் இருக்கும். ஆனாலும் அடுத்த வாரமும் போகிறேன்.

அக்கா

---

26 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. அதில் குணசேகரன் மூலையில் "மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும்" என்று எழுதியிருந்ததையும் பார்த்தேன். குளிர் கடுமை, மற்றபடி சுகம்.

எனக்கு ஆராய்ச்சி வேலை கொடுத்துவிட்டார்கள். நானாகக் கேட்கவில்லை. தமிழ் தெரியும், அந்த ஊர்க்காரி என்பதால் கொடுத்தார்கள். கடந்த ஆகஸ்டில் நம் பக்கம் பரவிய குரல் செய்தி எப்படிப் பரவியது என்று பார்க்க வேண்டும்.

தனிப்பட்ட குழுக்களுக்குள் யாரும் எட்டிப்பார்க்க முடியாது. ஆனால் இது உண்மையா என்று கேட்டு உண்மை சரிபார்க்கும் அமைப்புக்கு அன்று ஆயிரக்கணக்கானோர் அதே ஒலியை அனுப்பியிருக்கிறார்கள். பெயர், எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு நேரத்தையும் இடத்தையும் மட்டும் தந்திருக்கிறார்கள். வரைபடத்தில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஒரே புள்ளி. ஆறரைக்குள் திருவொற்றியூர் மேல் வரைபடமே தெரியவில்லை.

பழவேற்காட்டுப் பெண் ஒருத்தி என் பக்கத்து மேசை. பெயர் உமைமா. அவளும் நானும்தான் ஒலியை எழுத்தில் பெயர்த்தோம். உமைமாதான் கண்டுபிடித்தாள்: "ஏய், இது மூச்சுக்கு நடுவுல ஆரம்பிக்குது பாரு. முன்னாடி என்னமோ இருந்திருக்கு. எவனோ வெட்டியிருக்கான்." அன்றிலிருந்து எங்கள் அறையில் அந்த ஆளுக்குக் கத்தரிக்காரன் என்று பெயர். அவன் ஏன் வெட்டினான், கலவரம் மூட்டவா, காசுக்கா என்று தினமும் பேச்சு. எல்லோரும் அவன் என்றே சொல்கிறார்கள்.

பேசிய பெண்ணைப் பற்றி உமைமா வேறு மாதிரி சொன்னாள். "இந்தம்மா யாரையும் பயமுறுத்தல. வீட்ல இருக்கவங்கள எழுப்பற மாதிரி பேசறாங்க."

ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது கேட்கிறேன். வேலை முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்ற மனம் வருவதில்லை. இங்கே எனக்கு நம் சந்துத் தமிழில் கேட்கக் கிடைக்கும் குரல் அது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்.

கையில் வெடிப்புக்கு மருந்து போடு.

ஜானட்

---

*நோட்டுப் புத்தகம், 6 ஏப்ரல் 2025*

பத்து வாரமாக அக்காவிடமிருந்து பதில் இல்லை.

உமைமாவிடம் ஒரு பொய் சொன்னேன். உனக்கு இருக்கிற தமிழே போதாதா, ஹெட்போனில் இன்னும் என்ன தேடுகிறாய் என்று கேட்டாள். உச்சரிப்பைச் சரிபார்க்கிறேன் என்றேன். "சாமான் சட்டுலாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்று முடிக்கும்போது அக்கா சற்றே மூச்சு வாங்குவாள். அந்த இடத்துக்காகத்தான் கேட்கிறேன்.

---

†

23 ஏப்ரல் 2025

தங்கச்சிக்கு,

உயிர்ப்புத் திருநாள் பூசை முடிந்து மூன்று நாள் ஆகிறது. உடம்பு சுகம்தான். மூன்று மாதமாக எழுதாததற்கு அது காரணம் இல்லை.

அந்தக் குரல் என்னுடையது. நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று உன் கடுதாசியின் கடைசி வரிகளில் தெரிந்துவிட்டது. நேராகக் கேட்க உனக்கு மனம் வரவில்லை. நீ எப்போதும் அப்படித்தான்.

போன் கை தவறி விழவில்லை. நானே எறிந்தேன். போலீஸ் கம்பெனி வாசலுக்கு வந்து அந்தக் குரலைப் போட்டுக் காட்டினார்கள். என் குரலைத் தினம் எட்டு மணி நேரம் கேட்கிற பதினான்கு பேர் வரிசையாக நின்றார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கடைசியில் நின்ற கிழவி மட்டும், "மாதவரம் பக்கத்து பாஷை மாதிரி கீது சார், அங்க போய்க் கேளு," என்றாள். அதற்குப் பிறகு வேனில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்தப் பதினான்கு பேரில் ஒருத்திதான் வெட்டி அனுப்பியிருக்க வேண்டும். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அப்புறம் ஒரே வேனில் எப்படிப் போவது?

ராமசெல்வி யார் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். அவள் அந்தச் செய்தியைக் கேட்டதே இல்லை. ஜெயவேல்தான் கேட்டாராம். யாராவது போட்டுக் காட்ட வந்தால் காதைப் பொத்திக்கொள்வாளாம். அதனால்தான் என்னோடு பேசுகிறாள்.

பதினோரு ஜாக்கெட் ஆகிவிட்டது. இனி முடியாது, பாப்பா. ஆகஸ்ட் பத்தொன்பதோடு அவர் போய் ஒரு வருஷம். அன்றைக்குப் போய் நான்தான் என்று சொல்லிவிடப் போகிறேன்.

நீ இதைப் படிக்கிறவள். ஒன்று மட்டும் சொல். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் இருந்திருப்பாரா?

அக்கா சுகிர்தம்

---

28 மே 2025

அன்புள்ள அக்கா,

நலம், உன் நலம் அறிய ஆவல் என்று இதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது. மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீ கேட்டதற்கு எங்கள் படிப்பில் நேரான பதில் கிடையாது. ஒரு செய்தி ஓடுவதற்குப் பேசுகிறவர் மட்டும் காரணம் இல்லை. கேட்கிறவர்கள் ஏற்கெனவே எதற்குப் பயந்திருக்கிறார்கள் என்பதும் சேர்கிறது. எண்ணூர்க்காரர்கள் இருபது வருடமாக ஒரு நாள் ஓட வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே படுத்தவர்கள். இடம் சொல்லாத செய்தியை ஒவ்வொருவரும் தங்கள் இடமாகக் கேட்டார்கள். நீ இடத்தைச் சொல்லித்தான் பேசியிருப்பாய். அதனால் தவறு உன்னுடையது அல்ல.

ராமசெல்வியிடம் ஒன்றும் சொல்லாதே. அவசரப்படாதே. நான் இன்னொரு கடிதம் எழுதுகிறேன், அதுவரை பொறு.

ஜானட்

---

†

24 ஜூலை 2025

அக்கா,

நீ சுகமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

ஒன்பது விநாடியை வெட்டியது நான். பதினான்கு பேரில் ஒருத்தியும் இல்லை. அந்த அவசரத்தில் எனக்கும் அனுப்பியதை நீ மறந்திருப்பாய். உன் பெயர் வெளியே போகக் கூடாது என்று வெட்டி, வட்டாரக் குழுவில் போட்டேன். பத்து மணிக்குச் செய்தி வந்ததும் அழித்தேன். விமான நிலையத்தில் நீ ஸ்வெட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது சொல்லியிருக்கலாம். சொன்னால் விமானம் ஏற விடமாட்டார்கள் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம், நீ என்னைப் பார்க்கிற பார்வை.

போன கடிதத்தில் "இடத்தைச் சொல்லித்தான் பேசியிருப்பாய்" என்று ஊகம்போல எழுதினேன். ஊகம் இல்லை. "நம்ம சந்துக்கு மட்டுந்தான்" என்று நீ சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும். உலகத்திலேயே அதை வெட்டி எறிந்த ஒருத்தி நான்தான்.

நேற்றுப் பேராசிரியரிடம் சொன்னேன். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. தரவில் நான் ஓர் எண்கூட இல்லை, நான் அனுப்பிய குழுவில் யாரோ ஒருவர் சரிபார்க்கக் கொடுத்த பிரதிதான் அந்த முதல் புள்ளி. பெயர் நீக்கிய தரவைத் தோண்டி ஆளைத் தேடுவது எங்கள் விதிக்கு விரோதம். இனி இந்த ஆய்வில் நான் இருக்க முடியாது என்று மட்டும் சொன்னார். சரியான முடிவு. அந்தக் கோப்பைத் திறக்க எனக்கு இப்போது அனுமதி இல்லை. உன் குரலும் போய்விட்டது, அக்கா.

பத்தொன்பதாம் தேதி ராமசெல்வியிடம் நீ போக வேண்டாம். போனால் உண்மையைச் சொல். உன்னுடையது எச்சரிக்கை, என்னுடையது தவறு. நான் டிசம்பரில் வந்து அவளிடம் நேரில் சொல்கிறேன்.

ஜானட்

---

*நோட்டுப் புத்தகம், 11 ஆகஸ்ட் 2025*

பதிவுத் தபால். எங்கே போகிறது என்று இணையத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்று காலை 11.40, ஒப்படைக்கப்பட்டது. பெற்றவர்: சுகிர்தம். அக்கா கையெழுத்து என்றால் பெயரை முழுதாக எழுதிக் கீழே ஒரு கோடு இழுப்பாள். குணசேகரன் ஏதாவது கிண்டல் செய்திருப்பார்.

பத்தொன்பதுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

---

5 செப்டம்பர் 2025

தங்கச்சி ஜானட்டுக்கு,

இங்கே சுகம். இருமல் அறவே இல்லை. நீ இளைத்துவிடாதே.

உன் பதிவுத் தபால் வந்தது. மழையில் நனைந்து மை கரைந்துவிட்டது, உள்ளே என்ன எழுதியிருந்தாய் என்று ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை. காய வைத்தும் ஆகவில்லை, அடுப்பில் போட்டுவிட்டேன். முக்கியமாக ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன். திரும்ப எழுத வேண்டாம்.

பத்தொன்பதாம் தேதி போனேன். படத்துக்கு மாலை போட்டு, வடை சுட்டு வைத்திருந்தாள். ஜனம் போன பிறகு சொன்னேன். நான்தான் பேசினேன், இடத்தைச் சொல்லாமல் பேசிவிட்டேன் என்று சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன், சின்னவன் என் மடியில் இருந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே, "யக்கா, நீ கெளம்பு. இனிமே இந்தப் பக்கம் வராத," என்றாள். வந்துவிட்டேன்.

மனது லேசாகத்தான் இருக்கிறது. நீ உன் படிப்பைப் பார். கிறிஸ்துமஸுக்கு வரும்போது உமைமா வீட்டுக்கு ஏதாவது கொடுத்தனுப்பினால் வாங்கி வா, பழவேற்காடு பக்கம்தானே, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அக்கா சுகிர்தம்

---

*நோட்டுப் புத்தகம், 19 செப்டம்பர் 2025*

மேலே சிலுவை இல்லை.

நான் பந்துமுனைப் பேனாவில் எழுதினேன். அந்த மை நனைந்தாலும் கரையாது. பதினோராம் தேதி சென்னையில் மழையும் இல்லை. பார்த்துவிட்டேன்.

---

*நோட்டுப் புத்தகம், 4 ஜனவரி 2026*

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி, கம்பெனி வேன் அக்காவை ஏற்றிக்கொண்டு போன பிறகு, பஸ் பிடித்துத் திருவொற்றியூர் போனேன். ராமசெல்வியின் வீடு மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. தையல் மிஷின் வாசலைப் பார்த்தபடி இருந்தது. இடது காலால் மிதித்துக்கொண்டிருந்தாள்.

"தைக்கணுமா? பொங்கலுக்குள்ள ஆவாது."

"நான் சுகிர்தத்தோட தங்கச்சி."

கால் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி மிதித்தாள். "லண்டன் பொண்ணா? ஒக்காரு."

நான் உட்காரவில்லை. வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்ததை நின்றபடியே சொன்னேன். முப்பத்தோரு விநாடி, முதல் ஒன்பது, அதில் இருந்த வார்த்தைகள், நான் வெட்டியது, அழித்தது எல்லாம். அவள் தையல் வரி முடியும் வரை தலை நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்த பிறகு பேசினாள்.

"உங்கக்கா அன்னிக்கே சொல்லிச்சு. நான் கெளம்புன்னு சொன்னப்பறமும் கதவாண்ட நின்னுகினு சொல்லிச்சு. 'என் தங்கச்சி ஒருநாள் வரும். தான்தான் பண்ணேன்னு சொல்லும். அதுக்கு என் மேல உசுரு. நம்பிடாத'ன்னு."

"இல்லக்கா. சத்தியமா நான்தான்."

"உன் போன்ல கீதா அது?"

"அழிச்சிட்டேன்."

"வேற எங்கியாவது?"

"இல்ல."

"பின்ன இன்னா?" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "நீ அந்தூர்ல இதத்தான படிக்கிற? படிச்சவ நீ, நல்லா ஜோடிச்சுதான் பேசற. ஒம்போது செகண்டாம். போ, போய் ஒக்காரு. உன்னிய மாதிரி ஒரு தங்கச்சி கெடைக்க அது குடுத்து வச்சிருக்கணும். அதுக்குப் போய் கெடச்சிருக்க பாரு."

அறையின் மூலையிலேயே அடுப்பு இருந்தது. எழுந்து, சுவரைப் பிடித்தபடி போய்க் காபி போட்டாள். சின்னவன் வந்து என் மடியில் ஏறினான். காபி சூடாக இருந்தது, குடித்து முடித்தேன்.

கிளம்பும்போது என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தாள். பன்னிரண்டாவது ஜாக்கெட், பச்சை நிறம். ஆகஸ்டிலேயே தைத்து முடித்தது. "இத அதுகிட்ட குடுத்துடு. என் கையால குடுக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் பொட்டலத்தை அக்காவிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள். கையைத் தளர்வாகத்தான் தைத்திருக்கிறாள் என்றாள். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மீன் ஆறிவிடும் சாப்பிடு என்றாள்.

நேற்று விமான நிலையத்துக்கு வந்தாள். ஸ்வெட்டர் மேலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

ராமசெல்வி இதுவரை அக்காவுடன் பேசவில்லை. என்னுடன் பேசுகிறாள். புத்தாண்டுக்கு வாழ்த்துச் சொல்லிப் போனில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். பன்னிரண்டு விநாடி.